குதிரைய வெச்சு கவுன்சிலிங்னு சொல்றாங்க, 14 வயசு பையன நம்பி அனுப்பலாமா?

சிவகங்கை_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போயிருவேன், இன்னைக்குதான் முதல் தடவை எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், மன்னிச்சுக்கோங்க.

நாங்க நியூ ஜெர்சில இருக்கோம். பையனுக்கு 14 வயசு. போன வருஷம் என் மாமனார் தவறிட்டாரு. இவன் 6 வயசு வரைக்கும் ஊர்ல அவர்கிட்டதான் வளந்தான், நாங்க டிக்கெட் போட்டு போய் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு, முகத்தக்கூட பாக்கல. திரும்பி வந்ததுல இருந்து பிள்ளை ஆளே மாறிட்டான். ஸ்கூலுக்கு போறான் வர்றான் ரூம் கதவ சாத்திக்கிறான், சாப்பாட்டுத் தட்ட வெளிய வெச்சிருவான், கேட்டா ஃபைன், ஃபைன், அத தவிர வேற வார்த்தை இல்ல. மார்க் இறங்கிருச்சு, அது போனா போகட்டும், ஃப்ரெண்ட்ஸ் ஒருத்தன்கூட இப்ப வீட்டுக்கு வர்றதில்ல.

தெரபிஸ்ட்கிட்ட வாராவாரம் கூட்டிட்டு போறேன், 5 மாசம் ஆச்சு. அந்தம்மா நல்லவங்கதான், ஆனா இவன் 45 நிமிஷமும் ஷூ லேஸ பாத்துக்கிட்டு உக்காந்துட்டு வந்துர்றான். போன வாரம் அவங்களே சொல்றாங்க, இங்க இருந்து ஒரு 40 நிமிஷ டிரைவ்ல ஒரு குதிரைப் பண்ணை இருக்கு, அங்க குதிரைய வெச்சு தெரபி பண்றாங்க, பேச்சு வராத பசங்களுக்கு சில சமயம் அது ஒத்துப்போகும், 10 வாரம் முயற்சி பண்ணி பாருங்கன்னு. ஒரு செஷன் 150 டாலர், இன்சூரன்ஸ் எடுத்துக்கிறது சந்தேகமாம்.

வீட்டுக்காரர் சிரிக்கிறாரு. குதிரைய தடவி குடுத்தா மனசு சரியாயிருமா, அந்த காசுக்கு ஊருக்கே போயிட்டு வரலாம்ங்கிறாரு. மாமியார் அங்க இருந்து போன்ல, அய்யனாருக்கு ஒரு மண்குதிரை எடுத்து வைக்கிறேன்னு நேந்துக்கம்மா, அடுத்த புரவி எடுப்பு திருவிழால செஞ்சிரலாம்ங்கிறாங்க. அட ரெண்டு பக்கமும் குதிரைதான்னு எனக்கே சிரிப்பு வந்துருச்சு. ஆனா உள்ளுக்குள்ள பயம்தான், மண்குதிரைய நம்பி ஆத்துல இறங்குறேனோன்னு. யாராச்சும் இது பாத்திருக்கீங்களா? நிஜமாவே ஏதாவது நடக்குதா இல்ல பணக்காரங்க பொழுதுபோக்கா? பையன் குதிரைய டிவில பாத்ததோட சரி.

---

லாயத்து_ஆளு:

அம்மிணி, நான் பென்சில்வேனியால ஒரு தெரபி லாயத்துல 3 வருசமா சனிக்கிழமை சனிக்கிழமை வாலன்டியர் வேலை பாக்கறனுங்க. சாணி அள்றதுல ஆரம்பிச்சு இப்ப சைடு வாக்கர், அதாவது குழந்தை குதிரை மேல உக்காந்திருக்கும்போது பக்கத்துல கால புடிச்சுட்டே நடந்து வர்ற ஆளு. தெரபிஸ்ட் இல்லைங்க, கண்ணால பாத்தத சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு தெளிவு பண்ணிக்கோணும். குதிரை தெரபின்னு ஒரே பேர்ல மூணு வேற வேற சமாச்சாரம் ஓடிட்டு இருக்குது. ஒண்ணு ஹிப்போதெரபி, அது உடம்புக்கு. பிசியோ இல்லைனா ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் குழந்தைய குதிரை மேல உக்கார வெச்சு, குதிரை நடக்கறப்ப இடுப்பு ஆடுது பாருங்க, அது மனுசன் நடக்கற ஆட்டம் மாதிரியே இருக்கறதால அத வெச்சு பயிற்சி குடுக்கறாங்க. இன்னொண்ணு தெரபியூட்டிக் ரைடிங், அது சவாரி பழகறது, ஸ்பெஷல் குழந்தைகளுக்கு ஏத்த மாதிரி மாத்தினது. மூணாவதுதான் உங்க பையனுக்கு சொல்றது, சைக்கோதெரபி, அது மனசுக்கு. இதுல பெரும்பாலும் குதிரை மேல ஏறவே மாட்டாங்க. இகாலான்னு ஒரு அமைப்பு 1999ல ஆரம்பிச்சது, அவங்க முறையில எல்லாமே தரையிலதான், ஒரு லைசென்ஸ் உள்ள மனநல ஆளு, ஒரு குதிரை ஸ்பெஷலிஸ்ட், ரெண்டு பேரும் செஷன் முழுக்க கூடவே இருக்கோணும்.

அங்க என்ன நடக்கும்னா, வெளிய இருந்து பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்குமுங்க. பையன்கிட்ட ஒரு கயித்த குடுத்து, அந்த குதிரைக்கு இத மாட்டிட்டு வான்னு சொல்லுவாங்க. எப்படி மாட்டறதுன்னு சொல்ல மாட்டாங்க. சில பசங்க நேரா போயி முன்னாடி நிப்பாங்க, குதிரை தலைய தூக்கிட்டு நகந்துரும். ஏன்னா அதுக்கு கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல இருக்குது, கிட்டத்தட்ட 350 டிகிரி சுத்தி தெரியும், ஆனா நெத்திக்கு நேரா கிட்டக்க வந்தா தெரியாது, பின்னாடியும் தெரியாது. தோள்பட்டை பக்கமா மெதுவா வந்தாத்தான் நிக்கும். அத பையனே கண்டுபிடிக்கோணும். கண்டுபிடிக்கறதுக்குள்ள கோவம் வரும், வெக்கம் வரும், விட்டுட்டு போயிரலாம்னு தோணும், அந்த எடத்துலதான் தெரபிஸ்ட் ஒரு கேள்வி கேப்பாங்க. இன்னொரு நாள் பீப்பாய், கட்டை, கோன் எல்லாம் குடுத்து உன் வாழ்க்கையில இருக்கற தடையெல்லாம் அடுக்கு, ஒவ்வொண்ணுக்கும் பேர் வை, இப்ப குதிரைய அதுக்கு நடுவுல கூட்டிட்டு போன்னு சொல்லுவாங்க. ஒரு பொண்ணு ஒரு கட்டைக்கு அவங்கப்பன் பேர வெச்சத பாத்தேன், அதுக்கு மேல சொல்றது முறையில்லைங்க.

எங்க லாயத்துல சுவத்துல ஒரு படம் மாட்டியிருக்குது, லிஸ் ஹார்ட்டெல். டென்மார்க்காரம்மா, 1944ல போலியோ வந்து முழங்காலுக்கு கீழ விளங்காம போச்சு, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸ்ல குதிரைல வெள்ளி வாங்குனாங்க. குதிரை மேல ஏத்தி விடறதுக்கும் எறக்கறதுக்கும் ஆள் வேணும் அவங்களுக்கு. அவங்கள பாத்துத்தான் மேல்நாட்டுல இந்த சவாரி சிகிச்சை பரவுச்சுன்னு சொல்லுவாங்க. உங்க கேஸுக்கு நேரா சம்பந்தமில்லை, சும்மா சொன்னேன்.

போறதுக்கு முன்னாடி நீங்க மட்டும் ஒரு தடவை தனியா போய் பாருங்க. குதிரைக காத எப்படி வெச்சிருக்குதுன்னு பாருங்க, எப்பவும் பின்னாடி மடக்கியே வெச்சிருந்தா அந்த எடம் வேண்டாமுங்க. அப்பறம் தூசி, குதிரை முடி அலர்ஜி, ஆஸ்துமா இருந்தா டாக்டர கேட்டுக்கோங்க.

---

மண்குதிர்_வாத்தியார்:

தலைப்புக்கு சம்பந்தமில்லாம ஒண்ணு, மன்னிக்கணும். அந்த பழமொழில வர்றது மண்குதிரை இல்ல, மண் குதிர்னு ஒரு விளக்கம் உண்டு, ஆத்து நடுவுல திட்டு மாதிரி தெரியிற மணல்மேடு, கால வெச்சா உள்ள வாங்கிரும். எது சரின்னு சண்டை போட வரல, சொல்லாம போனா எனக்கு தூக்கம் வராது.

---

அமைதி_சென்னை:

நான் சென்னைல கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், 11 வருஷ பிராக்டிஸ். குதிரை தெரபி நான் பண்றதில்ல, அதனால எனக்கு இதுல லாப நஷ்டம் எதுவும் இல்ல. ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு மட்டும் சொல்றேன் சிஸ்டர், கொஞ்சம் கசக்கும்.

2014ல அனெஸ்டிஸ் குழுவினர் அதுவரைக்கும் வந்த 14 ஆய்வுகள அலசி ஒரு கட்டுரை போட்டாங்க, மனநோய்க்கு குதிரை சிகிச்சை பலன் தருதுன்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்லைன்னு முகத்துல அடிச்ச மாதிரி எழுதினாங்க. ஒப்பிட்டு பாக்க இன்னொரு குரூப் இல்லாத ஆய்வுகள், கொஞ்சம் பேர வெச்சு பண்ணது, அப்படி. அதுக்கப்புறம் 2015ல நல்லா செஞ்ச ஒண்ணு வந்துச்சு, ஆட்டிசம் உள்ள 127 பசங்க, குலுக்கல் முறைல பிரிச்சு பாதி பேருக்கு 10 வாரம் சவாரி, மீதி பேருக்கு அதே மாதிரி லாயத்துல குதிரை பத்தின வகுப்பு ஆனா உயிருள்ள குதிரை கிடையாது. சவாரி பண்ண குரூப்ல எரிச்சலும் துறுதுறுப்பும் நல்லாவே குறைஞ்சுது. இந்த வகைல இது உருப்படியான ஆய்வு. ஆனா அது ஆட்டிசம், சவாரி. உங்க பையனுக்கு இருக்கிறது துக்கம்.

உங்க ஊர் பக்கமே ஒண்ணு நடந்திருக்கு. கொலம்பியா யுனிவர்சிட்டிக்காரங்க நியூ ஜெர்சில ஒரு குதிரைப் பண்ணைல, போருக்கு போய்ட்டு வந்து பிடிஎஸ்டில, அதாவது பயங்கர அனுபவத்துக்கு அப்புறம் வர்ற மன பாதிப்புல, கஷ்டப்படுறவங்க 63 பேருக்கு, வாரத்துக்கு 90 நிமிஷம்னு 8 வாரம் குரூப்பா பண்ணாங்க, சவாரி இல்லாம தரைல இருந்து மட்டும். மேன் ஓ வார் ப்ராஜெக்ட்னு பேரு, 2021ல ரிசல்ட் வந்துச்சு. பாதிக்கு மேல பேருக்கு அறிகுறிகள் குறிப்பிடும்படியா குறைஞ்சுது, 3 மாசம் கழிச்சு பாத்தப்பவும் அப்படியே நின்னுச்சு. நல்ல செய்திதான். ஆனா அதுலயும் ஒப்பிட இன்னொரு குரூப் இல்ல, அதனால குதிரையால குறைஞ்சுதா, வாரா வாரம் கூட்டாளிங்களோட வெளிக்காத்துல நின்னதால குறைஞ்சுதான்னு பிரிச்சு சொல்ல முடியாது.

எனக்கு எரிச்சல் வர்றது எங்கன்னா, குதிரை உங்க ஆன்மாவ பாக்கும், இதயத்தோட இதயம் பேசும்னு இன்ஸ்டாகிராம்ல போடுறாங்க பாருங்க அங்கதான். அவ்வளவு மாயம் தேவையே இல்ல, நிஜமே சுவாரசியமா இருக்கு. ஸ்வீடன்ல 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு. ஆளுங்கள குதிரைய பிடிச்சுட்டு ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு நாலு தடவை நடக்க சொன்னாங்க, சிலர் சவாரி. நாலாவது தடவைக்கு முன்னாடி மட்டும், இந்த முறை நீங்க தாண்டுறப்ப ஒரு குடை படக்குனு விரியும்னு சொன்னாங்க. குடை விரியவே இல்ல. ஆனா மனுஷனுக்கு நெஞ்சு படபடப்பு ஏறுச்சு, அவன் பிடிச்சிருந்த குதிரைக்கும் ஏறுச்சு. குதிரைக்கு குடை பத்தி யாரும் சொல்லல! கயித்த இறுக்கி பிடிக்கிறது, மூச்சு, தோள், இத வெச்சே அது கண்டுபிடிச்சுக்குது, புல் மேயிற மிருகம், கூட்டத்துல ஒருத்தன் மிரண்டா எல்லாம் ஓடணும், அந்த பிழைப்பு புத்தி. சசெக்ஸ் யுனிவர்சிட்டில 2016ல கோவமான மனுஷ முகத்தோட போட்டோ காட்டினதுக்கே குதிரைங்களுக்கு இதயத்துடிப்பு வேகமா ஏறுச்சு.

ஆக, வாயால ஃபைன் ஃபைன்னு சொல்ற பையனுக்கு, அவன் உடம்பு ஃபைன் இல்லைங்கிறத திட்டாம கெஞ்சாம காட்டுற ஒரு ஜீவன் எதிர்ல நிக்கும். அது ஒரு வாசல். உள்ள கூட்டிட்டு போறது தெரபிஸ்ட்தான். அதனால அங்க பேசுறவங்க லைசென்ஸ் என்னன்னு கேளுங்க, எல்சிஎஸ்டபிள்யூவா (லைசென்ஸ் உள்ள கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர்), எல்பிசியா (லைசென்ஸ் உள்ள கவுன்சிலர்), சைக்காலஜிஸ்டா, பேர குடுத்தா உங்க மாநில வெப்சைட்லயே தேடி பாக்கலாம். குதிரை கோச்சிங் சர்டிஃபிகேட் மட்டும் வெச்சிருந்தா மனநல சிகிச்சைக்கு அது பத்தாது. இப்ப பாக்கிற தெரபிஸ்ட் அம்மாவையும் நிறுத்தாதீங்க, ரெண்டு பேரும் போன்ல பேசிக்க சம்மதம் எழுதி குடுங்க. இன்னொண்ணு, அவன் என்னைக்காவது செத்துப்போயிடலாம் போலிருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாலும் குதிரை பண்ணை அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காதீங்க, 988ங்கிற தற்கொலை தடுப்பு உதவி எண்ணுக்கு போன் பண்ணுங்க, இல்ல எமர்ஜென்சிக்கு போங்க.

---

மெரினா_காத்து:

எல்லாம் சரிப்பா, குதிரைய யாராச்சும் கேட்டீங்களா? இங்க பீச்சுல மத்தியான வெயில்ல ரவுண்டு அடிக்கிறத டெய்லி பாக்குறேன். இப்போ மனுஷனோட டென்ஷனையும் சேத்து அதுங்க சுமக்கணுமா.

அப்புறம் இங்க தமிழ்நாட்டுல இந்த மாதிரி இருக்கான்னும் தெரிஞ்சா சொல்லுங்க, அக்கா பொண்ணுக்காக கேக்குறேன்.

---

லாயத்து_ஆளு:

மெரினா தம்பி, கேக்க வேண்டிய கேள்விதானுங்க. எங்க லாயத்துல ஒரு குதிரைக்கு நாளைக்கு இத்தன செஷன்னு கணக்கு உண்டு, அதுக்கு மேல யாரு கெஞ்சினாலும் குடுக்க மாட்டாங்க. காத மடக்குது, வால அடிக்குது, கடிக்க வருதுன்னா அன்னிக்கு அதுக்கு லீவு. எல்லா குதிரையும் இந்த வேலைக்கு ஆகாது, ரேஸ்ல இருந்து வந்த ஒண்ணு ஒரே மாசத்துல பயந்து பயந்து மெலிஞ்சு போச்சு, வேற வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. தரையில பண்ற செஷன்ல கயிறு இல்லாம விடறதுக்கு ஒரு காரணமும் அதுதான், புடிக்கலைனா அது நகந்து போகலாம். அது நகந்து போறதுக்கு உரிமை இருந்தாத்தான் கிட்ட வர்றதுக்கு மதிப்பு, என்னங்க.

---

அமைதி_சென்னை:

மெரினா, இங்கயும் சில சவாரி ஸ்கூல்ல தெரபின்னு போர்டு இருக்கு, எது நல்லதுன்னு பேர் சொல்லி நான் சிபாரிசு பண்ண மாட்டேன். கேக்க வேண்டியது ஒண்ணுதான், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு சொல்லிக்கிறவங்க ஆர்சிஐல, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல, பதிவு பண்ணியிருக்கணும், அந்த நம்பர கேளுங்க. முதல்ல யார்கிட்ட போறதுன்னே தெரியலைன்னா டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416க்கு கூப்பிடுங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

---

தீவுப்பெட்டை:

வணக்கம் அக்கா. நான் கனடாவில ஸ்காபரோவில இருக்கிறன், பிறந்த இடம் யாழ்ப்பாணத்துப் பக்கம் நெடுந்தீவு. எங்கட ஊரில குதிரை ஒரு அதிசயமில்லை, போர்த்துக்கேயர் ஒல்லாந்தர் காலத்தில கொண்டுவந்து விட்டதுகளின்ர வழி எண்டு சொல்லுவினம், இப்பவும் வெட்டையில கூட்டங் கூட்டமா நிக்குங்கள். சின்னனில நாங்கள் பிடிக்கப் போனா ஓடிப் போடுங்கள், மதிலில குந்தி சும்மா இருந்தா மேய்ஞ்சு மேய்ஞ்சு தானா கிட்ட வருங்கள். அது ஏன் எண்டு அப்ப விளங்கேல்லை.

பிறகு வன்னியில இருந்தம், 2009க்குப் பிறகுதான் இஞ்ச வந்தனான். என்ன நடந்தது எண்டு இதில எழுத விருப்பமில்லை. நித்திரை இல்லை, ஆரும் கதவை அடிச்சுச் சாத்தினா உடம்பு முழுக்க நடுங்கும். கவுன்சிலர் நல்ல பிள்ளை, ஆனா கதையுங்கோ எண்டா எனக்கு வாய் வராது, உங்கட மகன் மாதிரித்தான், நான் சப்பாத்தைப் பாக்கேல்லை, மணிக்கூட்டைப் பாப்பன். அவதான் பிறகு ரொறன்ரோவுக்கு வெளியில ஒரு பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனவ.

ஒரு கிழட்டுப் பெட்டைக்குதிரை, பழுப்பு நிறம். கயிறு இல்லாமல் அதை அந்த மூலை மட்டும் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு சொல்லிச்சினம். நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு நேரா போய் நிண்டன், அது கழுத்தைத் திருப்பிக்கொண்டு போட்டுது. மூண்டு தரம் இதே கதை. எனக்கு ஒரே ஆத்திரம், குதிரை கூட மதிக்குதில்லை எண்டு. வேலியோட சாஞ்சு மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு அழுதன். கொஞ்ச நேரத்தால தோளடியில சூடா மூச்சு.

நான் அழுததைப் பாத்து இரக்கப்பட்டு வந்தது எண்டு எழுதினா வடிவாத்தான் இருக்கும். ஆனா குதிரை பாக்கிற பிள்ளை அப்பவே சொன்னவ, நீங்கள் முறைச்சுக்கொண்டு நேரா வந்தா அதுக்கு நெருக்கடி, திரும்பி நிண்டு உடம்பைத் தளர விட்டீங்கள், அது வந்திட்டுது, அவ்வளவுதான் எண்டு. அப்ப கவுன்சிலர் மெதுவா ஒண்டு கேட்டா. வீட்டில பிள்ளையளிட்டப் போகேக்கையும் இப்பிடித்தான் பல்லைக் கடிச்சுக்கொண்டோ போறனீங்கள் எண்டு. எனக்கு ஒண்டும் சொல்லத் தெரியேல்லை. ஓம், என்ர மகள் நான் அறைக்குள்ள வந்தாலே எழும்பிப் போறவள். அந்த ஒரு கேள்விக்குத்தான் நான் காசு குடுத்தனான் அக்கா, குதிரைக்கு இல்லை. ஆனா குதிரை இல்லாமல் அந்தக் கேள்வியை ஆரும் என்னட்டக் கேட்டிருந்தா எழும்பிப் போயிருப்பன்.

முழுசா மாறீட்டுது எண்டு சொல்லேலாது. மருந்து இன்னும் எடுக்கிறன். கதவுச் சத்தத்துக்கு இப்பவும் திடுக்கிடுவன். 12 தரம் போனனான், ரெண்டு மூண்டு நாள் ஒண்டுமே நடக்கேல்லை, மழையில நிண்டு சாணி மணந்துகொண்டு வந்ததுதான் மிச்சம். மகனைக் கட்டாயப்படுத்தாதேங்கோ, வந்து பார், பிடிக்காட்டி திரும்பி வருவம் எண்டு சொல்லுங்கோ. கேட்டுக்கு வெளியில காருக்குள்ளயே இருங்கோ நீங்கள். தாய் பாத்துக்கொண்டு நிண்டா பிள்ளைக்குக் கூச்சம்.

---

சிவகங்கை_அம்மா:

எல்லாருக்கும் நன்றி, பதில் போட ஒரு மாசம் ஆயிருச்சு. முதல்ல நான் மட்டும் போய் பாத்தேன், லாயத்து அண்ணன் சொன்ன மாதிரி காதத்தான் பாத்தேன், அங்க இருக்கிறவங்க என்ன ஒரு மாதிரி பாத்தாங்க. தெரபிஸ்ட் எல்சிஎஸ்டபிள்யூ, வெப்சைட்ல தேடி பாத்துட்டேன். வீட்டுக்காரர் 4 வாரத்துக்கு மட்டும் சரின்னாரு.

3 வாரம் போயிட்டு வந்திருக்கான். முதல் வாரம் கார விட்டே இறங்கல, 20 நிமிஷம் அப்படியே உக்காந்திருந்தோம், காசு போச்சேன்னு வயித்தெரிச்சல். தெரபிஸ்ட் ஒண்ணும் சொல்லல, ஒரு குதிரைய கார் பக்கமா நடத்திட்டு வந்து அங்கயே நின்னு மேய விட்டாங்க. கடைசி பத்து நிமிஷம் இறங்கி நின்னான். ரெண்டாவது வாரம் பிரஷ் பண்ணிவிட்டானாம், உள்ள என்ன பேசினாங்கன்னு நான் கேக்கல, தீவு தங்கச்சி சொன்ன மாதிரி காருக்குள்ளயே இருந்தேன், கஷ்டமாதான் இருந்துச்சு.

நேத்து திரும்பி வர்றப்ப கார்ல நாறுது, கண்ணாடிய இறக்குடான்னேன். இறக்கிட்டு அவனா சொல்றான், தாத்தா வீட்டு மாட்டுக்கொட்டகை மாதிரியே இருக்குல்லம்மான்னு. நான் ரோட்ட பாத்துக்கிட்டே ஆமாடான்னு மட்டும் சொன்னேன், கை நடுங்குச்சு. அப்புறம் எக்ஸிட் வர்ற வரைக்கும் கொட்டகைல இருந்த செவலை மாட்டுக்கு என்ன ஆச்சு, அத வித்துட்டாங்களா, அப்பத்தா ஏன் சொல்லலன்னு கேட்டுக்கிட்டே வந்தான். செவலைய வித்தது எனக்கே தெரியாது, வீட்டுக்கு வந்து அவனே அப்பத்தாவுக்கு வீடியோ கால் போட்டான். ரெண்டு பேரும் அழுதாங்க. வீட்டுக்காரர் கிச்சன்ல நின்னு பாத்திரத்த கழுவிக்கிட்டே இருந்தாரு, கழுவின பாத்திரத்தையே.

இன்னைக்கு காலைல மறுபடியும் கதவ சாத்திட்டான், அதனால பெருசா எதுவும் சொல்ல மாட்டேன். மாமியார் மண்குதிரைக்கு அட்வான்ஸ் குடுத்துட்டாங்களாம், அதையும் வேண்டாம்னு சொல்லல.

ஒரு சின்ன கேள்வி. ஷூ எல்லாம் சேறாகுது, பூட்ஸ் வாங்கணுமா? வால்மார்ட் மழை பூட்ஸ் போதுமா இல்ல குதிரைக்குன்னு விக்கிறது வேணுமா, அது விலைய பாத்தா மயக்கம் வருது.

---

லாயத்து_ஆளு:

தரையில நிக்கறதுக்கு மழை பூட்ஸே போதுமுங்க, விரல் மூடியிருக்கோணும், அவ்வளவுதான். ஏறி ஓட்டறதா இருந்தாத்தான் அரை இஞ்சு குதிகால் வெச்சது வேணும், கால் வளையத்துக்குள்ள நழுவாம இருக்க. ஒரு சைஸ் பெருசா வாங்குங்க, 14 வயசு பையன், தீபாவளிக்குள்ள பத்தாம போயிரும்.